தூர்வாரிய கைகள் தண்ணீரையும் அளக்கட்டும்

ராஜபாளையத்துக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல எழுந்து நிற்கிறது. அங்கிருந்து இறங்கும் அய்யனார் கோவில் ஆறு, ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தங்கி ஊருக்குக் குடிநீராகிறது. மிஞ்சியது ஓடைகளாகவும் வரத்துக்கால்களாகவும் பிரிந்து கண்மாய்களைத் தேடிப் போகிறது. வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்களுக்குச் செண்பகத்தோப்புப் பக்கத்து ஓடைகள் வரத்து. இரண்டு ஊர்களும் வைப்பாற்று வடிநிலத்தில் இருப்பவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்தப் பகுதியில், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். பெய்யும்போது பிடித்துவைக்காவிட்டால் தை மாதத்துக்குப் பிறகு தண்ணீர் கிடையாது. கண்மாய்கள் இங்கே வந்தது அதனால்தான்.

இந்தத் தண்ணீர் பிறக்கும் இடத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் குறைவில்லை. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் வனவிலங்குச் சரணாலயம் அமைந்தது. 2021இல் அதுவும் மேகமலையும் சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயின. காட்டுக்குள் ஓடும்வரை அந்த ஓடையைக் காக்க வனத்துறை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, எல்லைக்கல் இருக்கிறது. காட்டைவிட்டு வெளியே வந்து கண்மாயின் உள்வாயைத் தொடும் வரையுள்ள சில கிலோமீட்டரில்தான் அதற்கு ஆள் இல்லாமல் போகிறது. மலையிலிருந்து தெளிவாக இறங்கிய தண்ணீர் அந்தக் கொஞ்சத் தொலைவில் கெடுகிறது.

காரணத்தை நிலத்தின் சரிவே சொல்லும். மலைக்கும் வயலுக்கும் நடுவில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் தெருக்களின் ஓரமாகவும் வீடுகளின் பின்புறமாகவும் போகிறது. மழைநீருக்காக வெட்டிய கால், ஆண்டில் பத்து மாதம் சாக்கடையைச் சுமக்கிறது. கண்மாய்கள் தனித்தனிக் குட்டைகளும் அல்ல. மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழ்க்கண்மாய் பெருகும். அது நிறைந்தால் அடுத்தது. ஒரு காலத்தில் மிஞ்சிய தண்ணீரைக் கீழூருக்கு ஒழுங்காகக் கொண்டுசேர்த்த அதே சங்கிலி, இன்று மேலூரின் கழிவையும் அதே ஒழுங்கோடு கீழூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ராஜபாளையத்துக் கொண்டநேரிக் கண்மாயானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியகுளமானாலும் சரி, அதன் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டுமானால் மேலே இருக்கும் தெருக்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தக் கண்மாய்களைக் காத்துவந்தவர்கள் யார்? குடிமராமத்து என்ற பெயரைக் கேட்காத தமிழ் விவசாயி இருக்க மாட்டார். கரையில் மண் போடுவது, வரத்துக்காலைச் சீர்செய்வது, மடையின் சேற்றை வாருவது எல்லாம் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களின் கடமை. அந்த வழக்கம் தளர்ந்தபோது, 1858இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. வழக்கப்படி செய்ய வேண்டிய வேலைக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப்போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்றது அச்சட்டம். சட்டத்தால் அந்தப் பழைய உறவை மீட்க முடியவில்லை. சேத்தூர் போன்ற ஜமீன்கள் இருந்த பகுதி இது. 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அவற்றின் கண்மாய்களும் அரசின் கைக்கு வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, இப்போது நீர்வளத் துறைக்கு. சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை எடுத்தது. பத்தில் ஒரு பங்கு விவசாயிகளின் பங்களிப்பாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

இங்கே பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று இருக்கிறது. பழைய குடிமராமத்தின் உயிர்நாடி, நிலம் வைத்திருப்பவரின் தேவை. தண்ணீர் வராவிட்டால் தன் வயல் காயும் என்பதால் அவர் மண்வெட்டியோடு வந்தார். நீர்ப்பாய்ச்சி தினமும் மடைக்குப் போனார். தண்ணீரின் நிறமோ வாடையோ மாறினால் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்தது. நகரத்தை ஒட்டிய கண்மாய்களில் அந்த ஆயக்கட்டு வீட்டுமனைகளாகிவிட்டது. வயல் போனதும் நீர்ப்பாய்ச்சி போனார், மடையைத் திறக்க வேண்டிய தேவை போனது, தண்ணீரைத் தினமும் பார்க்கும் கண்ணும் போனது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் மட்டும் மிஞ்சினார். கழிவுநீர் கண்மாய்க்குள் வந்ததும் ஆயக்கட்டு மறைந்ததும் பெரும்பாலும் ஒரே காலத்தில், ஒரே நகர வளர்ச்சியின் இரண்டு பக்கங்களாக நடந்தவை. கேட்பதற்கு ஆள் இருந்த காலத்தில் இவ்வளவு எளிதாகச் சாக்கடையைத் திருப்பிவிட்டிருக்க முடியாது.

அந்தக் காலியிடத்துக்குத்தான் தன்னார்வலர்கள் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலமும் இல்லை. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மில் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். தமிழ்நாட்டில் இவர்கள் செய்து காட்டியவை சிறியவை அல்ல. சேலத்தில் 2010இல் மூக்கனேரியைக் குடிமக்கள் முன்னின்று சீரமைத்து, நடுவே மண்திட்டுகள் எழுப்பி மரம் வைத்தார்கள். கோவையில் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் ஞாயிறுதோறும் கூடிக் குளத்து வேலை செய்வதை ஒரு பழக்கமாகவே ஆக்கினார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிக் கடைமடையைச் சிதைத்துப் போட்ட பிறகு, பேராவூரணி இளைஞர்கள் கைஃபா என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து, 2019இல் 564 ஏக்கர் பரப்புள்ள பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். வீடும் தோப்பும் போன நேரத்தில் குளத்துக்காகக் கைக்காசு போட்ட ஊர் அது. விருதுநகர் மாவட்டத்திலும் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குவதும், கரையில் பனை விதை ஊன்றுவதும், மலையடிவாரக் கோயில்களுக்கு வருவோர் போட்டுவிட்டுப் போகும் பாலித்தீனைப் பொறுக்குவதும் எவரும் கூலி கொடுக்காமல் நடக்கும் வேலைகள்.

இந்த உழைப்பின் மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. அதனால்தான் இதையும் சொல்லியாக வேண்டும். இந்த வேலைகள் எல்லாம் தண்ணீரின் அளவைக் கூட்டும் வேலைகள், அல்லது கண்ணுக்குத் தெரியும் குப்பையை எடுக்கும் வேலைகள். தண்ணீரின் தரத்தைக் காப்பது வேறு வேலை. வெயிலில் நின்று நூறு பேர் தூர்வாரிய கண்மாயில் அடுத்த ஆண்டே ஆகாயத்தாமரை மூடிக்கிடப்பதைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களின் முயற்சியில் குறை இல்லை. ஆகாயத்தாமரைக்குச் சோறு போடும் பொருள் தண்ணீரில் கரைந்து வந்துகொண்டே இருக்கிறது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, மண்வெட்டியால் அள்ளவும் முடியாது.

அது எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வீட்டுக் கழிவுநீரில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் இருக்கின்றன. மலமும் சிறுநீரும் அவற்றைத் தருகின்றன. சலவைத் தூள், வயலிலிருந்து வடியும் உரம் ஆகியவையும் சேர்கின்றன. 1973இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஆய்வுக்கென ஒதுக்கிய 226 என்ற எண்ணுள்ள ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று பாசி பிடித்தது. டேவிட் ஷிண்ட்லர் குழுவினரின் இந்தச் சோதனையை வானிலிருந்து எடுத்த ஒரே படம், உலகம் முழுக்கச் சலவைத் தூள் பற்றிய விவாதத்தைத் திருப்பிப் போட்டது. நம் கண்மாய்கள் ஆழம் குறைந்தவை, வெப்பமானவை. இங்கே நைட்ரஜனுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அடிப்படை அதுதான். உரம் போட்ட தண்ணீர் பயிர் வளர்க்கும். அந்தப் பயிர் பாசியும் ஆகாயத்தாமரையும்.

பாசி பகலில் ஆக்சிஜனைத் தருகிறது. இரவில் அதே பாசி ஆக்சிஜனை உண்கிறது. கழிவைத் தின்னும் பாக்டீரியாக்களும் இரவு பகல் பாராமல் உண்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜனே ஏழரை மில்லிகிராம்தான். 10 டிகிரியில் கிடக்கும் குளிர்நாட்டு ஏரி பதினொன்றுக்கு மேல் வைத்திருக்கும். நம் கண்மாயின் கையிருப்பே குறைவு. அதனால்தான் மீன்கள் விடியற்காலையில் சாகின்றன. கோடை மழை ஒன்று திடீரென்று பெய்து, மாதக்கணக்கில் கால்வாயில் கிடந்த கழிவை ஒரே அடியில் கண்மாய்க்குள் தள்ளும்போது, மறுநாள் காலையில் கெண்டையும் கட்லாவும் வெள்ளை வயிறு தெரிய மிதக்கும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று பேச்சு எழும், குத்தகைக்காரர் போலீசுக்குப் போவார். விஷம் கலந்தவர் என்று தனி ஆள் அநேகமாக இருக்க மாட்டார். மூச்சு முட்டிச் செத்த மீன்கள் அவை. அதை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் அன்று விடியுமுன் தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தது என்று யாராவது அளந்திருக்க வேண்டும்.

தூர்வாருவதால் தரத்துக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுகளாக வந்துசேர்ந்த பாஸ்பரஸின் பெரும்பங்கு அடிச்சேற்றில் தங்கியிருக்கிறது. வரத்தை நிறுத்தினாலும் அந்தச் சேறு கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்கும். கரம்பையை அள்ளி வயலில் போட்ட நம் முன்னோர் கண்மாயை ஆழப்படுத்தியதோடு அந்தச் சத்தையும் வெளியே எடுத்தார்கள், வயலுக்கும் உரம் ஆனது. ஆனால் நகரக் கண்மாயின் சேற்றை அப்படி வயலுக்குக் கொண்டுபோகலாமா? சாக்கடையோடு பட்டறைக் கழிவும் கலந்திருந்தால் அதில் கன உலோகங்கள் இருக்கலாம். சோதிக்காமல் அள்ளிப் போடுவது தவறு. இங்கேயும் அளவுதான் முன்னால் வர வேண்டியிருக்கிறது.

கண்மாய்களுக்கு ஆவணம் இல்லாமல் இல்லை. கரையின் நீளம், மடைகளின் எண்ணிக்கை, முழுக் கொள்ளளவு, ஆயக்கட்டுப் பரப்பு எல்லாம் அரசின் கண்மாய்க் குறிப்பேடுகளில் தலைமுறைகளாக எழுதப்பட்டிருக்கின்றன. மத்திய நீர்வள அமைச்சகம் 2023இல் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு, நாட்டில் 24,24,540 நீர்நிலைகளையும் தமிழ்நாட்டில் 1,06,957 நீர்நிலைகளையும் எண்ணியது. ஆக்கிரமிப்புக்கு உள்ளானவை எத்தனை என்றும் கணக்கிட்டது. நீர்நிலைகளை எண்ணத் தெரிந்த நாடு நாம். அவற்றின் தண்ணீர் போன ஆண்டைவிட இந்த ஆண்டு நன்றாக இருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று கேட்டால், சாதாரணக் கண்மாய் ஒன்றுக்கு எடுத்துக்காட்டப் பதிவு இருக்காது. அந்தப் பதிவேட்டை எழுதும் வேலை தன்னார்வலருக்கு உரியது. அரசு ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து மாதிரி எடுத்துப்போகலாம். வாரந்தோறும், மழை பெய்த மறுநாளும், விடியுமுன்பும் கரையில் நிற்பதற்குக் கரையருகில் குடியிருப்பவரால்தான் முடியும். பழைய நீர்ப்பாய்ச்சியின் கண்ணுக்கு இன்று ஈடாகக்கூடியது அதுவே.

இதைப் பிற நாட்டார் எப்போதோ தொடங்கிவிட்டார்கள். 1865இல் இத்தாலிய வானியலாளரான ஏஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தார். பிறகு ஏரிகளுக்காக இருபது சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றப்பட்ட அதே தட்டு, சாதாரண மக்களின் கைக்கு வந்த எளிய நீர்ச்சோதனைக் கருவியானது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1973 முதல் ஏரிக்கரைவாசிகள் இந்தத் தட்டை இறக்கிக் குறித்து வருகிறார்கள். புளோரிடாவில் 1986இல் பல்கலைக்கழகத்தின் துணையோடு லேக்வாட்ச் என்ற தன்னார்வலர் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர் எடுத்த மாதிரிகளின் முடிவுகளைத் தொழில்முறை ஆய்வாளர்கள் எடுத்தவற்றோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது இரண்டும் நெருங்கி ஒத்துப்போயின. பயிற்சி கொடுத்தால் சாதாரண மனிதர் எடுக்கும் அளவு நம்பத்தக்கது என்பது அங்கே நிலைநாட்டப்பட்ட செய்தி.

சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியின் கதையை இந்த இரண்டு ஊர்க்காரர்களும் கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். கரையோர ஊர்களின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்ட பிறகுதான் அந்த ஏரியில் விடப்பட்டது. அப்படியும் 1955இல் கேடான பாசி தலைகாட்டியது. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்த எட்மண்ட்சன் என்ற ஆய்வாளரின் கையில் 1930களில் அதே ஏரியில் எடுத்த அளவுகள் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இப்படியே விட்டால் என்ன ஆகும், கழிவை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவரால் முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. 1958இல் கழிவைத் திருப்பும் திட்டத்துக்கான முதல் வாக்கெடுப்பில் தோற்றும், குடிமக்கள் விடாமல் பிரச்சாரம் செய்து அதே ஆண்டு மறுபடி நடந்த வாக்கெடுப்பில் வென்றார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் முழுக்க வேறு வழியில் திருப்பப்பட்டது. அவர் சொன்னபடியே ஏரி தெளிந்தது. ஏரியைக் காப்பாற்றிய குடிமக்கள் இயக்கத்தின் கையில் வலுவான ஆயுதமாக இருந்தது இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு பழைய பதிவு.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை எடுத்துப் பார்க்கலாம். தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்ததைப் பற்றிய வழக்கு. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றிய தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்புக்குள் திண்டுக்கல்லின் பெயரும் இருக்கிறது. பீஸ் மெம்பர்ஸ் என்ற தொண்டு அமைப்பு திண்டுக்கல் வட்டாரத்தின் 13 கிராமங்களில் கிணறு கிணறாகப் போய், குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்று கணக்கெடுத்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பில் அந்த எண்கள் அப்படியே இடம்பெற்றன. கிராமத்துக் கிணற்றடியில் எழுதிய கணக்கு டெல்லியில் சாட்சியாக நின்றது. மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போன நம் ஊர்த் தன்னார்வலர்கள் இதை ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். “கண்மாய் நாறுகிறது” என்ற மனுவை ஓர் அலுவலர் ஓரமாக வைத்துவிடலாம். இந்தக் கண்மாயின் வரத்துக்கால் முகத்தில் இந்த ஆறு மாதங்களில் இந்த நாட்களில் இவ்வளவு ஆக்சிஜன் இருந்தது என்று தேதி வாரியாக வரும் தாளை அப்படி ஓரம் வைப்பது கடினம்.

ராஜபாளையத்துக்குத் தெற்கே இன்னொரு முன்மாதிரி இருக்கிறது. மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பு நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறது. எண்ணுபவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகத்தில் விடுப்புப் போட்டுவிட்டு வருபவர்கள். ஓராண்டின் எண்ணிக்கைக்குப் பெரிய பொருள் இல்லை. பத்தாண்டு சேர்ந்தபோதுதான் எந்தக் குளம் பறவைகளை இழக்கிறது, எது தேறுகிறது என்று பேச முடிகிறது. நம் பகுதியிலும் பொங்கல் நாட்களில் கண்மாய்க்கரையில் தொலைநோக்கியோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமையும் குறிப்பேட்டு ஒழுக்கமும் ஏற்கெனவே உண்டு. அவர்கள் கையில் ஒரு தண்ணீர்ச் சோதனைப் பெட்டியையும் கொடுத்தால் போதும்.

அந்தப் பெட்டியும் புதிது அல்ல. ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் குடிநீரைச் சோதிக்கப் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. கார அமிலத் தன்மை, குளோரைடு, நைட்ரேட், புளோரைடு போன்றவற்றை நிறமாற்றத்தை வைத்துச் சொல்லும் களச் சோதனைப் பெட்டிகள் இதற்காகவே வழங்கப்படுகின்றன. குழாயடித் தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்த பெண்ணுக்குக் கண்மாய்த் தண்ணீரைச் சோதிப்பது பெரிய வேலை இல்லை. கரையோரக் கிணறுகளின் தண்ணீரையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்வேன். கண்மாயிலிருந்து நிலத்துக்குள் இறங்குவதுதான் அக்கம்பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் ஏறுகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் வரம்பு வைத்திருக்கிறது, அதைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து.

வெளிநாட்டு முறையை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. செக்கி தட்டு குளிர்நாட்டின் ஆழமான ஏரிக்குப் பொருந்தும். நம் கண்மாய் மழைக்குப் பின் செம்மண் கலங்கிக் கிடக்கும். தட்டு ஒரு சாண் ஆழத்தில் மறைந்துவிட்டால் அது பாசியாலா மண்ணாலா என்று தெரியாது. கோடையில் கண்மாய் வற்றிவிடும், அளக்கத் தண்ணீரே இருக்காது. அதனால் இங்கே அளக்க வேண்டியவை வேறு: கரைந்த ஆக்சிஜன், கார அமிலத் தன்மை, மின்கடத்தும் திறன், நைட்ரேட், பாஸ்பேட். எடுக்க வேண்டிய இடங்கள் மூன்று போதும்; வரத்துக்கால் கண்மாய்க்குள் விழும் இடம், மடையடி, மறுகால். வரத்துக்காலில் கெட்டும் மறுகாலில் தேறியும் இருந்தால் கண்மாய் தன்னால் இயன்ற அளவு சுத்தம் செய்கிறது என்று பொருள். மூன்றும் ஒரே அளவில் கெட்டிருந்தால் அதன் தாங்கும் சக்தி முடிந்துவிட்டது. ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும். நடுப்பகலில் அளந்தால் பாசி நிறைந்த கண்மாய்கூட நல்ல மதிப்பெண் வாங்கும், அந்த எண் ஏமாற்றும். கருவி வாங்க வசதியில்லாத இடத்தில், விங்க்லர் 1888இல் கண்டுபிடித்த முறைப்படி ஆக்சிஜனை அளக்க எந்தக் கல்லூரி வேதியியல் கூடத்திலும் பொருள்கள் உண்டு. கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள செய்முறைப் பாடம் கிடைக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க அளவுகோல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது. குளிக்கத் தகுந்த தண்ணீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும். மீன் வளர்க்க 4. பாசனத் தண்ணீருக்கு மின்கடத்தும் திறன் சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டாள் கோயிலின் திருமுக்குளத்தை முதல் வரம்பால் அளக்க வேண்டும். மார்கழி நீராட்டு விழாவில் ஆண்டாள் எழுந்தருளும் மண்டபம் அந்தக் குளக்கரையில் இருக்கிறது. பக்தர்கள் கால் நனைக்கும் தண்ணீர் குளிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை. மீன்பாசி ஏலம் போகும் கண்மாயை இரண்டாவது வரம்பாலும், நெல்லுக்குப் பாயும் கண்மாயை மூன்றாவதாலும் பார்க்கலாம். சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்யும் தறிகள் நிறைய. கட்டுத்துணியைக் காஸ்டிக் சோடாவும் வெளுப்புக் காரமும் போட்டு வெளுத்தாக வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே வெளியேறினாலும் காரத்தன்மையும் உப்பும் ஏறும், அவை இரண்டும் மிக எளிதில் அளக்கக் கூடியவை. நேர்மையாகச் சுத்திகரித்து விடும் பட்டறைக்காரருக்கும் அந்த எண்களே நற்சான்று.

அளப்பதால் சிக்கலும் வரும். குறிப்பேடு ஒரு தெருவைச் சுட்டிக்காட்டும்போது அந்தத் தெருவில் தன்னார்வலரின் சொந்தக்காரர் இருப்பார். மீன் குத்தகைக்காரருக்குத் தன் மீன் விலைபோகாதோ என்ற பயம் வரும். நகராட்சி அலுவலர் தன்னைக் குறைசொல்வதாக நினைப்பார். அதனால் யாரையும் குற்றம் சாட்டும் வேலையாக இதைத் தொடங்கக் கூடாது. எண்ணை மட்டும் எழுதி, கரையில் ஒரு பலகையில் எல்லாரும் பார்க்க வைக்க வேண்டும். மழை பெய்த நாளும் மீன் செத்த நாளும் அதே பலகையில் வர வேண்டும். ராஜபாளையத்தில் பாதாளச் சாக்கடைப் பணிக்காகத் தெருக்களைத் தோண்டிய காலம் மக்களுக்குப் பெரிய துன்பம். அந்தத் துன்பத்தின் பலன் கண்மாய்க்கு வந்து சேர்ந்ததா என்பதைக் காட்டக்கூடியதும் இந்தப் பலகைதான். வந்திருந்தால் நகராட்சியே பெருமையாக எடுத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

பெங்களூரின் புட்டேனஹள்ளியில் 2010இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஏறத்தாழ 13 ஏக்கர் ஏரி அது. மறு ஆண்டு மாநகராட்சி அவர்களோடு ஒப்பந்தம் செய்து பராமரிப்பை அவர்களிடமே விட்டது. ஏரிக்கு இயற்கை வரத்து அடைபட்டுப்போனதால், பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் சுத்திகரித்த தண்ணீரை ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரின் தரத்தைச் சோதித்துக்கொண்டே இருப்பது அவர்களின் அன்றாட வேலையாயிற்று. ஒரு நாள் கூட்டம் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு கலைந்திருந்தால் அந்த ஏரி இன்று இருந்திருக்காது.

ஐப்பசியில் அடைமழை பிடிக்குமுன் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள தன்னார்வலர்களிடம் நான் கேட்பது இதுதான். ஊருக்கு ஒரு கண்மாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் முறைவைத்து, வாரம் ஒரு விடியற்காலை மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்து அளந்து, ஒரே குறிப்பேட்டில் எழுதுங்கள். முதல் ஆண்டு யாரிடமும் மனு கொடுக்க வேண்டாம், பேட்டி கொடுக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு அந்தக் குறிப்பேட்டின் நகலை நகராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.